முன்காசு கேட்பவர் முகவர் அல்லர்: இலக்கிய முகவரும் எழுத்தாளரும் சேர்ந்து வேலை செய்யும் விதம்

2009க்குப் பின்னர் எம்மிடையே எழுதத் தொடங்கியவர்கள் பலர். முகாமில் கிடைத்த ஒற்றை றூல் கொப்பியில் எழுதியவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி எழுதத் தொடங்கி முழுக் குடும்பத்தின் கதையையும் எழுதி முடித்த தாய்மார், தடுப்பிலிருந்து வந்த பிறகு இரவில் மட்டும் எழுதுகிறவர்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பது என் தொழில். அதனால் அந்தக் கொப்பிகளில் சில என் மேசைக்கும் வந்திருக்கின்றன. கொண்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இதை வெளிநாட்டில் புத்தகமாகப் போட என்ன செய்ய வேண்டும்?"

கேள்வி நியாயமானது. அனுக் அருட்பிரகாசத்தின் நாவல் 2021இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்டு வி. வி. கணேசானந்தன் எழுதிய நாவல் 2024இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. இவை நேரடியாக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆனாலும் எமது கதைகளைக் கேட்க உலகம் ஆயத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையை அவை இங்கே விதைத்துள்ளன. அந்த நம்பிக்கையைக் காசாக்கும் கூட்டமும் கூடவே வந்துவிட்டது. ஆகவே அந்த உலகத்தில் புத்தகம் எப்படி விற்கப்படுகிறது, நடுவில் நிற்கும் இலக்கிய முகவர் என்பவர் யார், அவரோடு எழுத்தாளர் எப்படி வேலை செய்கிறார் என்பதை விளக்கமாகச் சொல்வது அவசியமாகிறது.

இங்குள்ள வழியும் அங்குள்ள வழியும்

எமது ஊர் வழமை எல்லோருக்கும் தெரியும். எழுதியவரே அச்சகத்துக்குக் காசு கட்டுவார். மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா வைப்பார். முதற்பிரதியையும் சிறப்புப் பிரதிகளையும் வாங்குகிறவர்கள் கடித உறைக்குள் வைத்துத் தருகிற பணத்தில் செலவின் ஒரு பகுதி திரும்பி வரும். மீதிப் பிரதிகள் வீட்டு அலுமாரியில் இருக்கும். சென்னைப் பதிப்பகங்களை நாடுகிறவர்களும் எழுத்தாளர், பதிப்பாளர் என்ற இருவருக்கிடையிலான பேச்சாகவே அதை முடித்துக்கொள்வர். இந்த ஏற்பாட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை.

லண்டனிலும் நியூயோர்க்கிலும் நிலைமை வேறு. அங்குள்ள பெரிய பதிப்பகங்களில் பெரும்பாலானவை எழுத்தாளர் நேரடியாக அனுப்பும் பிரதியைப் படிப்பதே இல்லை. முகவர் மூலம் வந்தால் மட்டுமே பிரதி ஆசிரியரின் மேசைக்குப் போகும். இந்தத் தொழிலை முறையாகத் தொடங்கியவராகக் கருதப்படுபவர் ஏ. பி. வாட் என்ற ஸ்கொட்லாந்துக்காரர். 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காற்பகுதியில் லண்டனில் இருந்துகொண்டு, எழுத்தாளருக்காகப் பதிப்பாளரிடம் பேரம் பேசினார். கிடைத்ததில் 10 வீதத்தை எடுத்துக்கொண்டார். றட்யார்ட் கிப்ளிங் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர். அன்றைய பதிப்பாளர் சிலருக்கு இந்தப் புது ஆளைக் கண்ணில் காட்ட முடியாது. ஆனால் எழுத்தாளர்கள் அவரை விடவில்லை.

எமக்குத் தெரிந்த ஏஜென்சிக்காரர் இவர் அல்லர்

முகவர் என்றதும் எம்மவர் மனதில் வருகிறவர் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரர். முதலில் காசு, பிறகு பயணம். பயணம் நடக்காமல் காசு மட்டும் போன வீடுகள் எத்தனை என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இலக்கிய முகவரின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. பிரதியைப் படிக்க அவர் காசு வாங்கமாட்டார். திருத்தச் சொல்லி ஆலோசனை தரவும் வாங்கமாட்டார். புத்தகத்தைப் பதிப்பகத்துக்கு விற்று, பதிப்பகம் பணம் தந்த பிறகே அதில் தன் பங்கை எடுப்பார். சொந்த நாட்டு விற்பனைக்கு 15 வீதம், வெளிநாட்டு உரிமைகளுக்கும் மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கும் 20 வீதம் என்பதே இன்று பொதுவான வழக்கம். வெளிநாட்டில் உதவி முகவர் ஒருவரோடு பங்கு பிரிக்க வேண்டியிருப்பதால்தான் அந்த 5 வீதம் கூடுகிறது.

விற்காவிட்டால் முகவருக்கு ஒரு சதமும் கிடையாது. ஆகவே விற்க முடியும் என்று நம்பும் பிரதியை மட்டுமே அவர் எடுப்பார். ஒரு முகவர் மறுத்துவிட்டார் என்பதற்காகப் பிரதி தரமற்றது என்று ஆகிவிடாது. இதை எழுதுகிறவர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். கவிதைத் தொகுப்பை முகவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. காரணம் கவிதை நல்லதா கெட்டதா என்பதல்ல. அதில் வரும் வருமானம் குறைவு.

படிப்படியாக என்ன நடக்கிறது

நாவல் என்றால் முழுவதையும் எழுதி முடித்த பின்னரே முகவரை நாட வேண்டும். முகவருக்கு அனுப்புவது மூன்று பொருட்கள்: ஒரு பக்கக் கடிதம், முடிவு வரை கதையைச் சொல்லும் ஒரு பக்கச் சுருக்கம், தொடக்க அத்தியாயங்கள் மூன்று அல்லது சுமார் 50 பக்கம். ஒவ்வொரு முகவரும் தனக்கு எது வேண்டும் என்பதைத் தன் வலைத்தளத்தில் எழுதியிருப்பார். அதை அப்படியே பின்பற்ற வேண்டும். ஒரே நேரத்தில் பல முகவர்களுக்கு அனுப்புவது தவறல்ல. பதில் வர வாரங்கள், சில வேளை மாதங்கள் எடுக்கும். பதிலே வராமலும் போகலாம்.

ஜே. கே. றோலிங்கின் கதை பலருக்குத் தெரிந்ததுதான், ஆனால் அதில் முகவரின் பங்கு பேசப்படுவது குறைவு. ஹரி பொட்டரின் முதல் நூலை முதலில் பார்த்த முகவர் திருப்பி அனுப்பினார். அடுத்ததாகப் பார்த்த கிறிஸ்தோபர் லிற்றில் ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு 12 பதிப்பகங்கள் மறுத்தன. ஒவ்வொரு மறுப்பின் பின்னும் அடுத்த கதவைத் தட்டும் வேலை முகவருடையது. கடைசியில் புளூம்ஸ்பெரி மிகச் சிறிய தொகைக்கு வாங்கி 1997இல் வெளியிட்டது. அதே ஆண்டில் அமெரிக்க உரிமை தனியாக ஏலத்துக்குப் போய் 105,000 டொலருக்கு விலைபோனது. பிரித்தானியாவில் விற்றபோது அமெரிக்காவையும் சேர்த்துக் கொடுத்துவிடாததால் வந்த பணம் அது.

எதிர்த்திசையில் நடந்ததும் உண்டு. அருந்ததி றோயின் முதல் நாவலின் கையெழுத்துப் பிரதியை 1996இல் பதிப்பாசிரியரும் எழுத்தாளருமான பங்கஜ் மிஸ்ரா லண்டனுக்கு அனுப்பிவைத்தார். அதைப் படித்த டேவிட் கொட்வின் விமானம் ஏறி டில்லிக்கே வந்து அவருடைய முகவரானார். மறு ஆண்டு அந்த நாவல் புக்கர் பரிசு பெற்றது. பரிந்துரை ஒன்று கதவைத் திறக்கும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் முகவர் விமானம் ஏறியது பிரதியைப் படித்த பிறகுதான்.

முகவர் ஒருவர் ஏற்றுக்கொண்டதும் வேலை தொடங்குகிறது. பெரும்பாலான முகவர்கள் முதலில் குறிப்புகளோடு பிரதியைத் திருப்பித் தருவார்கள். இங்கே நீளம், இங்கே குழப்பம், இந்தப் பாத்திரம் எங்கே போனது என்று கேட்பார்கள். சில மாதங்கள், சில வேளை ஓர் ஆண்டு கூட இப்படிப் போகலாம். பிறகு எந்தப் பதிப்பகத்தில் எந்த ஆசிரியர் இதை விரும்புவார் என்று கணித்து ஒரே நாளில் பலருக்கு அனுப்புவார். ஒருவருக்கு மேல் விரும்பினால் ஏலம். விலை மட்டுமல்ல, எந்த ஆசிரியர் பிரதியைப் புரிந்துகொண்டுள்ளார் என்பதையும் எழுத்தாளரோடு பேசுவார். இறுதி முடிவு எழுத்தாளருடையது.

பணம் எப்படி வருகிறது

பதிப்பகம் தருவது முன்பணம். பின்னர் கிடைக்கப்போகும் உரிமைத் தொகையில் முன்கூட்டியே தரும் பங்கு அது. ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். முன்பணம் 8,000 பவுண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரே தடவையில் வராது. கையொப்பமிடும்போது, திருத்திய பிரதியைக் கொடுக்கும்போது, முதற்பதிப்பு வரும்போது, மலிவுப்பதிப்பு வரும்போது என்று நான்கு தவணைகளாக 2,000 பவுண் வீதம் வரலாம். பணம் முகவரின் கணக்குக்குப் போகும். அவர் 15 வீதமான 300 பவுணைக் கழித்து 1,700 பவுணை எழுத்தாளருக்கு அனுப்புவார். நான்கு தவணைகளும் வந்து முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும்.

10 பவுண் விலையுள்ள மலிவுப்பதிப்புக்கு 7.5 வீத உரிமைத் தொகை என்றால் ஒரு பிரதிக்கு 75 பென்ஸ். அந்தக் கணக்கில் 8,000 பவுணை ஈடுசெய்ய ஏறத்தாழ 10,700 பிரதிகள் விற்க வேண்டும். அதன் பிறகே மேலதிகப் பணம் வரும். அவ்வளவு விற்காவிட்டாலும், ஒப்பந்தப்படி பிரதியைக் கொடுத்த எழுத்தாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. ஆகவே முதற்புத்தகத்தால் கடன் தீரும், வீடு கட்டலாம் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரதி என்பது காணி உறுதி போன்றது

முகவரின் முக்கியமான வேலை விலை பேசுவது என்றே பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை உரிமையைக் காப்பது. காணியை அறுதியாக எழுதிக் கொடுக்கலாம், குத்தகைக்கும் விடலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எமது ஊரில் ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. புத்தகமும் அப்படித்தான். நல்ல முகவர் பதிப்புரிமையை அறுதியாகக் கொடுக்க விடமாட்டார். இந்த மொழியில், இந்த நாடுகளில், இந்த வடிவத்தில் வெளியிடலாம் என்று குத்தகையாகவே கொடுப்பார். அச்சுப் புத்தகம், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்படம் எல்லாம் தனித்தனித் துண்டுகள்.

ஷெஹான் கருணாதிலகவின் நாவல் 2020இல் இந்தியாவில் ஒரு பெயரில் வந்தது. இலங்கை அரசியல் புரியாத வெளிநாட்டு வாசகருக்காக அதைத் திருத்தி, வேறு பெயரில், 2022இல் லண்டனின் சிறிய பதிப்பகமான சோட் ஒஃப் புக்ஸ் வெளியிட்டது. புக்கர் பரிசு பெற்றது அந்த இரண்டாவது வடிவம். ஒரு பதிப்பு வந்துவிட்டதோடு ஒரு பிரதியின் வாழ்வு முடிந்துவிடுவதில்லை. உரிமை கையில் இருந்தால் அதற்கு இரண்டாவது வாசல் திறக்கும்.

முகவர் இல்லாதவர்களுக்கும் சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதிய கணமே பதிப்புரிமை எழுதியவருக்கு உரியது. பதிவு செய்யத் தேவையில்லை. ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். சென்னைப் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் செய்கிறவர்கள் இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவைத் தெரிந்திருப்பது நல்லது. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும்.

தமிழில் எழுதுகிறவருக்கு உள்ள வழி

லண்டன் முகவருக்குத் தமிழ் தெரியாது. அவர் படிக்க ஆங்கில மாதிரி வேண்டும். இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் வருகிறார். பல மொழிகளில் நடப்பது இதுதான்: மொழிபெயர்ப்பாளர் ஒருவர் பிரதியில் நம்பிக்கை வைத்து 20, 30 பக்கங்களை மொழிபெயர்த்து, குறிப்பு ஒன்றையும் எழுதி, சிறிய பதிப்பகங்களின் கதவைத் தட்டுவார். முகவர் செய்யும் வேலையின் பாதியை இவர் செய்கிறார். இப்படியான மாதிரிகளுக்கு நிதியுதவி செய்வதற்கென்றே இங்கிலிஷ் பென் அமைப்பு பென் பிரசென்ற்ஸ் என்ற திட்டத்தை நடத்துகிறது. 2022இல் ஹிந்தி நாவலுக்காகக் கீதாஞ்சலி ஸ்ரீயும் 2025இல் கன்னடச் சிறுகதைகளுக்காக பானு முஷ்தாக்கும் சர்வதேச புக்கர் பரிசு பெற்றபோது, அந்த நூல்களைப் பிரித்தானியாவில் வெளியிட்டிருந்தவை சிறிய பதிப்பகங்களே. அந்தப் பரிசின் 50,000 பவுண் எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்படுகிறது.

தமிழ்ப் பதிப்பகமே முகவராகச் செயற்படுவதும் உண்டு. காலச்சுவடு தன் நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமைகளைப் பிறமொழிப் பதிப்பகங்களுக்கு விற்கிறது. அவர்கள் தமிழில் வெளியிட்ட பெருமாள்முருகனின் 'பூக்குழி' ஆங்கிலத்தில் அனிருத்தன் வாசுதேவனின் மொழிபெயர்ப்பில் வந்து 2023இல் சர்வதேச புக்கரின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே தமிழில் ஒரு நல்ல பதிப்பகத்தில் ஒழுங்காக வெளியாவது பின்தங்கிய வழி அல்ல. ஒப்பந்தத்தில் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது, விற்றால் எழுத்தாளருக்கு எத்தனை வீதம் என்ற இரண்டு வரிகளை மட்டும் தவறாமல் பார்க்க வேண்டும்.

எமக்கென்று உள்ள ஆபத்துகள்

போரைக் கடந்து வந்தவர்கள் எழுதுவதில் பொதுவான விதிகளுக்கு அப்பால் சில விடயங்கள் உள்ளன.

முதலாவது, கதை சொன்னவரும் எழுதியவரும் வேறாக இருக்கும்போது வருகிற சிக்கல். யாராவது வந்து உங்கள் வாழ்க்கையை ஒலிப்பதிவு செய்து புத்தகமாக எழுதினால், எழுதப்பட்ட வசனங்களின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கே போகும். வாழ்ந்தது நீங்கள் என்பதால் மட்டும் சட்டம் உங்களை உரிமையாளராக்காது. ஆகவே ஒலிப்பதிவுக் கருவியை இயக்கும் முன்னரே பேச வேண்டும்: அட்டையில் யார் பெயர், வருமானத்தில் எத்தனை பங்கு, அச்சுக்குப் போகுமுன் வாசித்துக் காட்டுவார்களா, வேண்டாம் என்றால் நீக்குவார்களா. பேசியதைத் தமிழில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். நல்ல நோக்கத்தோடு வருகிற எவரும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

இரண்டாவது, பெயர்கள். பதிப்பக ஒப்பந்தங்களில் வழமையாக ஒரு பிரிவு இருக்கும்: இதில் உள்ளவை எவரையும் அவதூறு செய்யவில்லை, வழக்கு வந்தால் எழுத்தாளர் பொறுப்பு என்று. சாட்சியம் எழுதுகிறவருக்கு இது பாரமான வசனம். பதிப்பகமே சட்டத்தரணியைக் கொண்டு பிரதியைப் படிப்பிக்கவும், பொறுப்புக்கு ஓர் எல்லை வைக்கவும் முகவர் கேட்பார். இதோடு, ஊரில் இன்னும் வாழ்கிற மற்றவர்களின் பாதுகாப்பும் இருக்கிறது. பெயர், ஊர், இயக்கத்தில் இருந்த காலம் ஆகியவற்றை மாற்ற வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அதற்குக் காது கொடுக்காத முகவர் உங்களுக்கு ஏற்றவர் அல்லர்.

மூன்றாவது, திருத்தம். வெளிநாட்டு வாசகருக்குப் புரியவில்லை என்று முகவர் சொல்வது பல வேளைகளில் நியாயமான குறிப்பு. ஆனால் விளக்கம் சேர்ப்பது வேறு, நடந்ததை மாற்றுவது வேறு. ஒரு முதிய பெண்மணியின் நினைவுக்குறிப்பை நான் மொழிபெயர்த்தபோது, முடிவில் நம்பிக்கை தரும் காட்சி ஒன்றைச் சேர்க்கலாமா என்று வாசித்த ஒருவர் கேட்டார். "மகன் வரவில்லை. வந்தான் எண்டு நான் எப்பிடி எழுதுறது?" என்றார் அந்த அம்மா. அந்த இடத்தில் பேச்சு முடிந்தது. எழுதியவருடைய சம்மதம் இல்லாமல் ஒரு வரியும் மாறக்கூடாது. இதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்கலாம்.

நான்காவது, மோசடி. என்னிடம் வந்தவர்களில் ஒருவர் ஆங்கில மின்னஞ்சல் ஒன்றைக் காட்டினார். "உங்கள் கதை சர்வதேச வெளியீட்டுக்குத் தெரிவாகியுள்ளது" என்று அதில் இருந்தது. பிரதியை அவர் எவருக்கும் அனுப்பவே இல்லை; முகநூலில் எழுதிய சில பதிவுகள்தான் வெளியே இருந்தன. கீழே பல இலட்சம் ரூபாவுக்குச் சமமான 'வெளியீட்டுப் பொதி'. கனடாவில் உள்ள மருமகன் காசு அனுப்ப ஆயத்தமாக இருந்தார். நல்ல வேளையாக அனுப்பவில்லை. படிக்கும் கட்டணம், பதிவுக் கட்டணம், புத்தகக் கண்காட்சியில் வைக்கும் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது முகவரின் வேலை அல்ல. பிரபல முகவர்களின் பெயரைத் திருடி எழுதுகிறவர்களும் உள்ளனர். மின்னஞ்சல் முகவரியை அந்த நிறுவனத்தின் வலைத்தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் விற்ற புத்தகங்கள் எவை என்று கேளுங்கள். உண்மையான முகவருக்கு அந்தப் பட்டியல்தான் பெருமை. சொந்தக் காசில் அச்சிடுவதில் இழிவு எதுவும் இல்லை. எமது இலக்கியத்தின் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. அச்சகக்காரர் தன்னை அச்சகக்காரர் என்று சொல்லும்வரை அது நேர்மையான வியாபாரம்.

கையொப்பமிடும் முன்

முகவரோடு செய்யும் உடன்படிக்கை, அற்றோணித் தத்துவம் கொடுப்பதைப் போன்றது. உங்கள் பெயரில் பேச ஒருவருக்கு அதிகாரம் தருகிறீர்கள். ஆகவே இவற்றைக் கேட்டுத் தெளியுங்கள்: எத்தனை வீதம்? இந்த ஒரு நூலுக்கா, இனி எழுதும் எல்லாவற்றுக்குமா? என் அனுமதி இல்லாமல் எதற்காவது சம்மதிக்க முடியுமா? பணம் வந்து எத்தனை நாளில் எனக்கு அனுப்புவீர்கள்? பிரிய விரும்பினால் எவ்வளவு காலம் முன்னறிவிக்க வேண்டும்? பிரிந்த பின்னரும், அவர் ஏற்கெனவே விற்ற நூலில் அவருடைய பங்கு தொடரும். அது நியாயமானதே. ஆங்கிலம் புரியாவிட்டால் ஒவ்வொரு பிரிவையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விளங்காத உறுதியில் எமது பெற்றோர் கைநாட்டு வைத்து இழந்த காணிகளின் கதையை நாம் கேட்டு வளர்ந்தவர்கள்.

மூலக் கொப்பியை எவரிடமும் கொடுத்துவிட வேண்டாம். பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் வைத்திருங்கள். ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். இடம்பெயர்வில் எத்தனை எழுத்துகள் பதுங்குகுழியோடு போயின என்பதற்குக் கணக்கே இல்லை. முகவர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். புத்தகம் லண்டனில் வரலாம், கிளிநொச்சியில் உள்ள ஓர் அச்சகத்திலும் வரலாம். எங்கே வந்தாலும் அதில் உள்ள வாழ்வு உங்களுடையது என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொண்ட பிறகே கையொப்பம் வையுங்கள்.